லாரியன் போன பிறகு டி அண்ட் டி கேம்களின் கதி என்ன?

இருபதுமுகம் (இழையைத் தொடங்கியவர்)

2025 டிசம்பரில் நடந்த கேம் அவார்ட்ஸைக் கண் விழித்துப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரே இரவில் இரண்டு டிரெய்லர்கள். ஒன்று லாரியனின் 'டிவினிட்டி'. இன்னொன்று 'வார்லாக்: டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', டி அண்ட் டி என்று சுருக்கமாகச் சொல்லும் அந்த மேசைப் பகடைக் கதை விளையாட்டின் சொந்தக்காரர்களான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் தன் சொந்த ஸ்டூடியோவான இன்வோக்கில் செய்வது. பால்டர்ஸ் கேட் 3 செய்தவர்கள் தங்கள் பழைய உலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். பெயருக்குச் சொந்தக்காரர்களோ ஆக்‌ஷன் கேம் பக்கம் போய்விட்டார்கள். மனைப்பத்திரம் ஒருவர் கையில், கட்டத் தெரிந்த கொத்தனார் வேறு வேலையில்.

2023இல் மட்டும் பால்டர்ஸ் கேட் 3 மூலம் 9 கோடி டாலர் வந்தது என்று விசார்ட்ஸின் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோவே முதலீட்டாளர்களிடம் சொன்னது. ஒரு வரி நிரல் கூட எழுதாமல் வந்த பணம். அதே வருடம் டிசம்பரில் 1,100 பேரை வேலையிலிருந்து எடுப்பதாக அறிவித்தார்கள். அடுத்த மார்ச்சில் ஜிடிசி என்ற கேம் உருவாக்குபவர்கள் மாநாட்டு மேடையில் லாரியன் தலைவர் ஸ்வென் வின்கே, டிஎல்சி (கூடுதல் பகுதி) கிடையாது, நான்காம் பாகம் நாங்கள் செய்யவில்லை என்று சொல்லிவிட்டார். 2025 ஏப்ரலில் பேட்ச் 8 வந்தது, புதிதாக 12 சப்கிளாஸ்களோடு (பாத்திர வகைகளின் உட்பிரிவுகள்). அதோடு கடையைக் கட்டிவிட்டார்கள்.

என் கணிப்பு இதுதான். அடுத்த பத்து வருடத்தில் டி அண்ட் டி பெயரில் நிறைய கேம்கள் வரும். அதில் இன்னொரு பால்டர்ஸ் கேட் 3 இருக்காது. நான் சொல்வது தப்பு என்று யாராவது காட்டுங்கள், மனசுக்கு நிம்மதியாக இருக்கும்.

---

நிழல்வில்லன்

எனக்கு பால்டர்ஸ் கேட் 3தான் முதல் டி அண்ட் டி. அதற்கு முன் இந்தப் பகடை விவகாரமே தெரியாது. அதனால் வெகுளித்தனமாகவே கேட்கிறேன்: 9 கோடி டாலர் சும்மா கொடுத்த மாட்டை யாராவது விடுவார்களா? லாரியன் இல்லையென்றால் வேறு ஸ்டூடியோ. அஸ்டேரியன், கார்லாக் மாதிரி பாத்திரங்கள் எல்லாம் விசார்ட்ஸின் சொத்துதானே? அவர்களை வைத்துத் தொடரலாமே. ரூல்ஸ் இருக்கிறது, உலகம் இருக்கிறது, ரசிகர்கள் காத்திருக்கிறார்கள். இதில் எங்கே சிக்கல் என்று எனக்குப் புரியவில்லை.

---

பழையபகடை

தம்பி, சிக்கல் எங்கே என்றால், அஸ்டேரியன் விசார்ட்ஸ் கையில், அவனை நடமாட வைத்த எஞ்சின் லாரியன் கையில். உரையாடல் வெட்டிவெட்டிப் பிரிவதும், ஒரு எண்ணெய்ப் பீப்பாயை உருட்டிக் கொண்டுபோய் ஒரு சண்டையையே முடிப்பதும் ரூல்புக்கில் இல்லை. அது டிவினிட்டி காலத்திலிருந்து அவர்கள் சேர்த்து வைத்த கைப்பழக்கம். புதிதாக வருகிறவர் அஸ்திவாரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தை நான் ஏற்கெனவே மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

1998 டிசம்பரில் முதல் பால்டர்ஸ் கேட் வந்தது. பயோவேர் செய்தது, இன்டர்பிளே வெளியிட்டது. அப்போது இரண்டாம் பதிப்பு ரூல்ஸ். ஏசி, அதாவது கவச எண், குறையக் குறைய நல்லது, அடி விழுமா என்று பார்க்க 'தேக்கோ' என்று ஒரு கணக்கு. உன் தேக்கோ 18, எதிரியின் ஏசி 3 என்றால் இருபதுமுகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். கேம் இதையெல்லாம் விளக்காது, தடித்த மேனுவலைப் புரட்ட வேண்டும். முதல் நிலை மந்திரவாதியாக ஃப்ரெண்ட்லி ஆர்ம் இன் படியில் கால் வைத்தேன். டார்னெஷ் என்று ஒருவன் வந்து பெயர் கேட்டான். சொன்னேன். தன்னைச் சுற்றி நிழல் உருவங்களை எழுப்பிக்கொண்டு, ஹாரர் மந்திரம் போட்டான். என் ஆட்கள் நாலாபக்கமும் சிதறி ஓட, கையில் நாலு ஹிட் பாயின்ட்டோடு (உயிர்ப்புள்ளி) நான் அங்கேயே செத்தேன். சேமித்த இடத்திலிருந்து லோட் செய்து மறுபடி போனேன். மறுபடி செத்தேன். அன்றுதான் அந்த கேம் என்னைப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் 1999இல் பிளேன்ஸ்கேப் டார்மென்ட், 2000இல் ஐஸ்விண்ட் டேலும் பால்டர்ஸ் கேட் 2ம். பொற்காலம். அப்படியே போகும் என்றுதான் நாங்களும் நினைத்தோம், இப்போது நீ நினைக்கிற மாதிரி. 2003இல் இன்டர்பிளே கையிலிருந்து உரிமம் போயிற்று. அப்போது பிளாக் ஐல் ஸ்டூடியோவில் 'பால்டர்ஸ் கேட் 3: த பிளாக் ஹவுண்ட்' என்று ஒன்று பாதி வேலையில் இருந்தது. அப்படியே கைவிட்டார்கள். ஸ்டூடியோவும் அந்த வருடத்தோடு மூடப்பட்டது. ஆக மூன்றாம் பாகம் என்ற பெயரில் ஒரு கேம் வர மேலும் 20 வருடம் ஆயிற்று.

அடுத்து உரிமம் அடாரி கையில். 2009இல் ஹாஸ்ப்ரோ அவர்கள் மேல் வழக்குப் போட்டது, 2011இல் சமரசம். நடுவில் இந்தப் பெயரை நம்பி யார் பெரிய கேம் தொடங்குவார்கள்? அப்புறம் 2015இல் ஸ்வோர்ட் கோஸ்ட் லெஜண்ட்ஸ். அடுத்த வருடமே அதைச் செய்த ஸ்டூடியோ மூடியது. 2017 முடிவில் கடைகளிலிருந்தே கேமை எடுத்துவிட்டார்கள். இன்று வாங்க நினைத்தாலும் கிடைக்காது.

ஒரு பெரிய ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கேம்) செய்ய ஐந்தாறு வருடம் ஆகிறது. உரிமம் கொடுக்கிற கம்பெனியின் மனசு ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்திலும் மாறுகிறது. இந்த இரண்டு கடிகாரமும் சேர்ந்து ஓடியது மிகச் சில தடவைதான்.

---

சும்மாபார்க்கிறவன்

பெரியவர்கள் மன்னிக்கவும். டர்ன் பேஸ்டு (முறை வைத்து ஆடுவது) என்றால்தான் டி அண்ட் டி என்று யார் சட்டம் போட்டது?

90களில் காப்காம் இரண்டு ஆர்கேட் கேம் செய்தது, 'டவர் ஆஃப் டூம்', 'ஷேடோ ஓவர் மிஸ்டாரா'. நாலு பேர் நின்று பட்டனைத் தட்டுகிற அடிதடி. இரண்டுமே அருமை. 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு 'டார்க் அலையன்ஸ்' வந்தது, ரூல்புக் தெரியாதவர்கள் கூடச் சோபாவில் உட்கார்ந்து இரண்டு பேராக முடித்தார்கள். ஆக்‌ஷன் என்றவுடன் மூக்கைச் சுளிக்க வேண்டாம்.

2025 ஜூலையில் ஜயண்ட் ஸ்கல் ஸ்டூடியோவோடு ஒப்பந்தம் அறிவித்தார்களே, அதை நடத்துபவர் ஸ்டிக் ஆஸ்முசென். காட் ஆஃப் வார் 3, ஸ்டார் வார்ஸ் ஜெடை கேம்கள் இரண்டையும் இயக்கிய மனிதர். தனியாள் கதை, ஆக்‌ஷன். இவரிடம் கொடுத்தது தப்பு என்றால் வேறு யாரிடம்தான் கொடுப்பார்கள்? பால்டர்ஸ் கேட் 3 மாதிரியே இன்னொன்று செய்தால் 'லாரியன் அளவுக்கு இல்லை' என்று நீங்களே கிழிப்பீர்கள். வேறு பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம்.

---

இருபதுமுகம்

ஆஸ்முசென் பற்றி எனக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் 2001 டார்க் அலையன்ஸைச் சொன்னவர் 2021 டார்க் அலையன்ஸைச் சொல்லாமல் விட்டது ஏன்? :) அதைச் செய்தது மான்ட்ரியாலில் இருந்த டூக் கேம்ஸ். ட்ரிஸ்ட் டோ உர்டன் என்ற பிரபலப் பாத்திரத்தையே நாயகனாக வைத்தும் விமர்சனங்களில் அடி வாங்கியது. டூக் கேம்ஸ்தான் அடுத்த வருடம் இன்வோக் என்று பெயர் மாறியது. அதாவது வார்லாக்கின் ஸ்டூடியோ.

ஒரு கேம் சறுக்கியதற்காக ஸ்டூடியோவையே ஒதுக்கக் கூடாது, தெரியும். லாரியனும் முதல் நாளே லாரியன் இல்லை. ஆனால் டிரெய்லரைப் பார்த்துத் துள்ளாமல் காத்திருக்க எனக்குக் காரணம் இருக்கிறது.

---

மேசைத்தலைவி

நான் மேசையில் டிஎம் ஆக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக, உட்காருகிறவள், வீடியோ கேம் இரண்டாம்பட்சம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

பால்டர்ஸ் கேட் 3இல் எமரால்ட் குரோவ் வந்ததும் ஒரு இடம் உண்டு. கூண்டுக்குள் சாஸா என்ற கோப்ளின் பெண். எதிரே அர்கா என்பவள் கிராஸ்போவைக் குறிவைத்து நிற்கிறாள், தன் சகோதரனைக் கோப்ளின்கள் கொன்ற கோபம். நான் பேசிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். திரையில் பகடை உருண்டது. வேண்டிய எண்ணுக்கு இரண்டு குறைவு. கைடன்ஸ் மந்திரம் போட்டிருந்ததால் நாலுமுகப் பகடை ஒன்று கூடச் சேரும். அது உருண்டது, உருண்டது, 1இல் நின்றது. ஒன்றே ஒன்று போதவில்லை. அர்கா விசையை அழுத்தினாள். சாஸாவைக் கூட்டிக்கொண்டு கோப்ளின் முகாமுக்குள் நுழையும் வழி அதோடு போயிற்று.

நான் லோட் செய்யவில்லை. என் மேசையில் யாரும் லோட் செய்வதில்லை, அதனால் எனக்கும் தோன்றவில்லை. டி அண்ட் டி என்றால் எனக்கு அந்த மூன்று விநாடிதான். வாள் சுழற்றுவதும் டிராகன் பறப்பதும் எந்த கேமிலும் இருக்கும். 'என்னால் முடியுமா' என்று கேட்டு, பகடை 'இல்லை' என்று சொல்லி, அந்த 'இல்லை'யையும் கதையாக்கித் தரும் ஒருவர் இருக்க வேண்டும். ஆக்‌ஷன் கேமில் நான் தோற்றால் 'மறுபடி முயற்சி செய்' என்று வரும். தோல்வி அங்கே கதையில் சேராது.

அதனால் சும்மாபார்க்கிறவனுக்கு என் பதில்: ஆக்‌ஷன் கேம் நல்ல கேமாக இருக்கலாம். அதன் மேல் ஒட்டிய லேபிளைக் கிழித்துவிட்டால் அது டி அண்ட் டி என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

---

சும்மாபார்க்கிறவன்

பிஹோல்டர் வந்தால் கண்டுபிடிப்பேன் அக்கா. பத்துக் கொம்புக்கண் கொண்ட அரக்கன்.

---

பிக்சல்கூலி

பிஹோல்டர் என்றதும் உள்ளே நுழைகிறேன். இந்த இழையில் யாரும் தொடாத பகுதி அதுதான்.

நான் ஒரு காலத்தில் உரிமம் வாங்கிச் செய்யும் மொபைல் கேம் ஒன்றில் ஆர்ட் பக்கம் வேலை பார்த்தேன். டி அண்ட் டி அல்ல, வேறு ஒரு பெயர் பெற்ற மாயாஜால உலகம். பெயர் வேண்டாம். ஒவ்வொரு பாத்திரத்தையும் உரிமையாளரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். ஒரு வீரனை வரைந்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பதில்: 'இந்தக் குலத்தினர் வாளை இடுப்பில் கட்டுவதில்லை, முதுகில்தான்.' சரி, முதுகுக்கு மாற்றினேன், அனிமேஷன் முழுக்கத் திரும்பச் செய்தோம். அடுத்த சுற்றுக்குள் ஒப்புதல் தருபவர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் எழுதினார்: 'வாள் முதுகில் இருப்பது எங்கள் படங்களோடு பொருந்தவில்லை.' இரண்டு கடிதத்தையும் ஒரே மெயிலில் இணைத்து அனுப்பினேன். பதிலே வரவில்லை. கடைசியில் அவன் கையில் கோடரியைக் கொடுத்துவிட்டோம்.

சிரிப்புக்குச் சொல்லவில்லை. உரிமம் என்றால் நாம் காகிதத்தை நினைக்கிறோம். நடைமுறையில் அது அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மூன்று நாலு மனிதர்கள். ஹாஸ்ப்ரோ ஆட்குறைப்புக்குப் பிறகு வின்கே சொன்னது இதைத்தான்: பால்டர்ஸ் கேட் 3க்காக முதன்முதலில் பேசிய அறையில் இருந்த விசார்ட்ஸ் ஆட்களில் அநேகமாக யாருமே அங்கே இப்போது இல்லை. அந்த வரியைப் படித்தபோதே லாரியன் திரும்பாது என்று எனக்குத் தோன்றியது. பணத்தை விட அது பெரிய காரணமா என்று தெரியாது, ஆனால் நான் அந்த மெயில் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்று. லாரியன் முதல் தடவை கேட்டபோது விசார்ட்ஸ் உரிமம் தரவில்லை. டிவினிட்டி ஒரிஜினல் சின் 2 உருவாகிற நேரத்தில்தான் விஷயம் திரும்பி வந்தது. அதாவது பெயர் இல்லாமலே தங்களை நிரூபித்துக் காட்டிய பிறகுதான் பெயர் கிடைத்தது. அந்த வரிசையை யாரும் கவனிப்பதில்லை.

---

நிழல்வில்லன்

இந்த வாள் கதை அநியாயம் :)

ஒரு சந்தேகம். ரூல்ஸை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று எங்கேயோ படித்தேன். அப்படியானால் உரிமம் எதற்கு?

---

பிக்சல்கூலி

நல்ல கேள்வி. பாதி உண்மை.

ரூல்ஸின் ஒரு பகுதியை எஸ்ஆர்டி என்ற ஆவணமாக விசார்ட்ஸ் பல வருடமாகத் திறந்து வைத்திருக்கிறது. முன்பு அது ஓஜிஎல் என்ற உரிமத்தின் கீழ் இருந்தது. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை இறுக்கப் பார்த்தார்கள், வரைவு கசிந்தது, ரசிகர்கள் கொதித்தார்கள். மாதம் முடிவதற்குள் எஸ்ஆர்டி 5.1ஐ அப்படியே கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் போட்டுப் பின்வாங்கினார்கள். அதைத் திரும்பப் பெற முடியாது. 2025 ஏப்ரலில் புதிய ரூல்ஸுக்கான 5.2வும் அதே வழியில் வந்தது.

இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 5.1இல் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரே ஒரு சப்கிளாஸ். ஃபைட்டருக்கு சாம்பியன், ரோகுக்கு தீஃப், கிளெரிக்குக்கு லைஃப். ஃபீட் (சிறப்புத் திறன்) ஒன்றே ஒன்று, கிராப்ளர். பேக்கிரவுண்ட் ஒன்றே ஒன்று, அகோலைட். அரக்கர்களில் கோப்ளின், டிராகன், ஓர்க் எல்லாம் உண்டு. மைண்ட் ஃபிளேயர் கிடையாது. பிஹோல்டர் கிடையாது. கித்யாங்கி கிடையாது. பால்டர்ஸ் கேட் கதை நடக்கும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகமும் கிடையாது.

இப்போது பால்டர்ஸ் கேட் 3இன் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். மைண்ட் ஃபிளேயர் கப்பல், கண்ணுக்குள் புழு, உடனே ஒரு கித்யாங்கி போர்வீராங்கனை. திறந்த ரூல்ஸை மட்டும் வைத்து அந்த முதல் பத்து நிமிடத்தைக் கூட எடுக்க முடியாது.

2021இல் வந்த சோலாஸ்டா இந்த இலவச ரூல்ஸை வைத்துச் செய்ததுதான். சிறிய குழு, தங்கள் சொந்த உலகம், சப்கிளாஸ்களில் பெரும்பாலானவற்றைத் தாங்களே உருவாக்கினார்கள். முகங்கள் மரப்பொம்மை மாதிரி இருக்கும், உரையாடல் சுமார். ஆனால் சண்டையில் ஐந்தாம் பதிப்பு ரூல்ஸை லாரியனை விட நேர்மையாகப் பின்பற்றியது அதுதான் என்பேன். இருட்டில் பந்தம் பிடித்தவன் நகர்ந்தால் உன் அம்பு குறி தவறும். லாரியன் தாராளமாக மாற்றியது. மேசையில் ஒருவனைப் பிடித்துத் தள்ள உங்கள் தாக்குதலைச் செலவழிக்க வேண்டும், பால்டர்ஸ் கேட் 3இல் அது போனஸ் ஆக்‌ஷன். அதனால்தான் எல்லாரையும் மலையுச்சியிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தோம்.

---

பழையபகடை

தள்ளிவிடுவது ஒரு கலை. மேலே நிற்பவன் ராஜா.

பிக்சல்கூலி சொன்னதிலிருந்து ஒரு நூலைப் பிடிக்கிறேன். பெயர் இல்லாமல் போனவர்களின் பட்டியல் பெயரோடு இருந்தவர்களின் பட்டியலை விட இன்று பலமாக இருக்கிறது. பிளாக் ஐலில் இருந்தவர்கள் பலர் அப்சிடியனில் கூடினார்கள். 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடமே பணம் கேட்டு 2015இல் பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி செய்தார்கள். யார் அனுமதியும் தேவைப்படவில்லை. டி அண்ட் டி மூன்றரைப் பதிப்பிலிருந்து கிளைத்தது பாத்ஃபைண்டர். அதை வைத்து ஆவுல்கேட் 2018இலும் 2021இலும் இரண்டு மலை மாதிரி கேம்கள் செய்தது. 'ராத் ஆஃப் த ரைட்டியஸ்' பாத்திர உருவாக்கத் திரையில் நான் ஒரு மாலை முழுக்கச் செலவழித்து, கேமைத் தொடங்காமலே தூங்கப் போயிருக்கிறேன்.

என்னைக் கேட்டால் அந்த வம்சம் பிழைத்துக்கொள்ளும். பெயர்தான் எங்கே போகும் என்று தெரியவில்லை.

---

நிழல்வில்லன்

அண்ணா, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பில்லர்ஸ், பாத்ஃபைண்டர், சோலாஸ்டா, மூன்றையும் பால்டர்ஸ் கேட் 3க்கு அப்புறம்தான் கேள்விப்பட்டேன். என் வயதில் பலருக்கும் அப்படித்தான். பெயர் வாசல். வாசல் இல்லாமல் உள்ளே எத்தனை அறை இருந்தால் என்ன?

அப்புறம், கார்லாக்கை யாராவது அவள் நெஞ்சில் எரியும் அந்த நரக எஞ்சினிலிருந்து காப்பாற்றியே ஆக வேண்டும். நான்காம் பாகம் வராது என்றால் நான் எங்கே போய் நிற்பேன்?

---

மட்டுறுத்துநர்

கார்லாக்கை யார் திருமணம் செய்வது என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கிருந்து ஏழு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். தொடருங்கள்.

---

சும்மாபார்க்கிறவன்

எனக்கு வேறு யோசனை. வார்ஹாமர் ஆட்கள் செய்வதைப் பாருங்கள். கேம்ஸ் வொர்க்ஷாப் கேட்பவர்களுக்கெல்லாம் உரிமம் கொடுக்கிறது. குப்பையும் நிறைய வருகிறது, யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. ஆனால் நடுவில் டோட்டல் வார், வெர்மின்டைட், ரோக் டிரேடர், 2024இல் ஸ்பேஸ் மரீன் 2 என்று முத்துக்கள் விழுகின்றன. ஒரே ஸ்டூடியோவை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. விசார்ட்ஸும் அப்படிப் பரவலாகத் தூவினால் என்ன?

இப்போதே கொஞ்சம் தூவுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். 2025 நவம்பரில் 'பேட்டில்மார்க்ட்' வந்தது, டெமியோ என்ற கேமைச் செய்த குழுவுடையது. மேசை மேல் மினியேச்சர், கார்டு, பகடை. சின்ன கேம், ஆனால் நாலு பேர் சேர்ந்தால் ஒரு மாலை நன்றாகப் போகிறது. கேம்லாஃப்ட் மான்ட்ரியாலிடமும் உயிர்பிழைத்தல் வகையில் ஒன்று இருக்கிறது.

---

பழையபகடை

தூவியும் பார்த்தாயிற்று, தம்பி. 1988இல் எஸ்எஸ்ஐயின் 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' வந்து பெரிய வெற்றி. அதே கோல்ட் பாக்ஸ் எஞ்சினை 1993 வரை ஓட்டினார்கள். கடைசியில் அந்தப் பெட்டியைப் பார்த்தாலே அலுப்பு. 2001இல் அதே பூல் ஆஃப் ரேடியன்ஸ் பெயரில் வேறொரு கேம் வந்ததே, அது ஊரறிந்த கதை: வழக்கமான ஃபோல்டரில் போடாமல் வேறு இடத்தில் நிறுவியவர்கள் கேமை நீக்கினால் விண்டோஸ் கோப்புகளும் சேர்ந்து போகும். பேட்ச் போட்டுத்தான் நிறுத்தினார்கள். விளையாடினால்தான் தண்டனை என்றில்லை, விட்டுப் போனாலும் தண்டனை.

ஆனால் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. வார்ஹாமருக்கு இருப்பது பொறுமை. விசார்ட்ஸ் தூவுகிறது, முளைக்கிறதா என்று தினம் தோண்டிப் பார்க்கிறது. 2023 ஜனவரியில் உருவாக்கத்தில் இருந்த கேம்கள் குறைந்தது ஐந்தை ஹாஸ்ப்ரோ நிறுத்தியதாகச் செய்தி வந்தது. ஸ்டார்பிரீஸின் 'பிராஜெக்ட் பாக்ஸ்டர்', டி அண்ட் டி கூட்டு ஆட்டம், 2023 டிசம்பரில் அறிவிப்பு, 2025 அக்டோபரில் கைவிடல். அதை நிறுத்தியது ஸ்டார்பிரீஸேதான், இதில் விசார்ட்ஸைக் குறை சொல்ல முடியாது. நேர்மையாகச் சொன்னால் லைவ் சர்வீஸ் (ஆன்லைனில் தொடர்ந்து ஓடும்) டி அண்ட் டி இல்லாமல் போனதில் எனக்கு வருத்தமும் இல்லை.

---

மேசைத்தலைவி

சிகிலைப் பற்றி யாரும் பேசவில்லையே! எனக்கு அதுதான் பெரிய ஏமாற்றம்.

தெரியாதவர்களுக்கு: அன்ரியல் எஞ்சினில் முப்பரிமாண மேசை. நான் டிஎம் ஆக வரைபடம் கட்டுவேன், நீங்கள் மினியேச்சரை நகர்த்துவீர்கள், பகடை உருளும். 2022இல் டி அண்ட் டி பியாண்ட் தளத்தை 14.63 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள் இல்லையா, அதோடு இணைகிற மாதிரி. 2025 பிப்ரவரியில் பெரிய ஆரவாரம் இல்லாமல் திறந்தார்கள். மார்ச்சில் குழுவில் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம்! நான் ஒரு குகையின் சுவரைக் கூட முழுசாக எழுப்பவில்லை.

எனக்குக் கோபம் எதில் என்றால், இது இவர்களுக்குப் புதிதல்ல. 2002இல் நெவர்வின்டர் நைட்ஸ் வந்தது. கதை சுமார்தான். ஆனால் கூடவே அரோரா டூல்செட் கொடுத்தார்கள். நீயே ஊரைக் கட்டு, ஸ்கிரிப்ட் எழுது, டிஎம் கிளையன்ட்டைத் திறந்து கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நுழை, ஆட்டக்காரர்களுக்கு முன்னால் ஒரு ஓக்ரை இறக்கு, அதன் வாயால் நீயே பேசு. அந்த சர்வர்களில் சில இன்னும் ஓடுகின்றன. பெரிய ஸ்டூடியோ எதுவும் பராமரிக்கவில்லை, ஆட்கள் தாங்களே பராமரிக்கிறார்கள்.

பால்டர்ஸ் கேட் 3க்கு 2024 செப்டம்பரில் பேட்ச் 7 வந்தபோது மாட் கருவிகள் (ரசிகர்களே கேமை மாற்றியமைக்க) கொடுத்தார்கள். அதில் லெவல் எடிட்டர் பூட்டியிருந்தது. சில நாட்களிலேயே மாடர்கள் பூட்டை உடைத்துவிட்டார்கள். புதிய வரைபடம், புதிய கதை கட்ட ஆள் காத்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? இந்தப் பெயரின் எதிர்காலம் எந்த டிரெய்லரிலும் இல்லை என்பது என் கட்சி. ஆட்டத்தைக் கட்டும் கருவியை டிஎம் கையில் கொடுத்தால் போதும், நாங்கள் இருபது வருடம் ஓட்டிக் காட்டுவோம். கொடுக்க மாட்டார்கள். கருவியை ஒரு தடவைதான் விற்க முடியும்.

---

இருபதுமுகம்

இந்தப் பதிவுக்காகவே இழையைத் தொடங்கியது நல்லதாயிற்று. என் கணிப்பைக் கொஞ்சம் திருத்துகிறேன். 'இன்னொரு பால்டர்ஸ் கேட் 3 வராது' என்றேன். வரலாம், ஆனால் அட்டையில் டி அண்ட் டி என்று எழுதியிருக்காது. யாரோ ஒரு குழு எஸ்ஆர்டியை எடுத்து, மைண்ட் ஃபிளேயருக்குப் பதில் தாங்களே ஒரு அருவருப்பைக் கண்டுபிடித்து, ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தால் வரும். பெயரை வைத்திருப்பவர்கள் அதற்குள் அட்டையில் பெயரோடு நல்ல ஆக்‌ஷன் கேம் ஒன்றிரண்டு கொடுத்திருப்பார்கள். வார்லாக் 2027இல் வருகிறது, நான் வாங்குவேன். முதல் நாள் அல்ல.

நிழல்வில்லன் சொன்ன வாசல் விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

---

பிக்சல்கூலி

ஆறு வருடத்துக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பதையும் கணக்கில் சேருங்கள். லாரியன் மூன்று வருடம் எர்லி ஆக்சஸில் முதல் அங்கத்தை விற்றுக்கொண்டே மீதியைக் கட்டியது, 2020 அக்டோபர் முதல் 2023 ஆகஸ்ட் வரை. அத்தனை பேர் அரைகுறை கேமுக்கு முழு விலை கொடுத்தது ஏன்? அட்டையில் பால்டர்ஸ் கேட் என்று இருந்ததும் ஒரு காரணம். தம்பி சொன்ன வாசல் அதுதான்.

---

பழையபகடை

ஒத்துக்கொள்கிறேன். நானும் 2020இல் அந்தப் பெயருக்காகத்தான் வாங்கினேன். முதல் வாரம் திட்டிக்கொண்டே விளையாடினேன், 'இது டிவினிட்டிக்குப் போட்ட வேஷம்' என்று. எழுதியது இந்தத் தளத்திலேயே எங்கேயோ இருக்கும், தேட வேண்டாம்.

---

நிழல்வில்லன்

தேடிவிட்டேன் அண்ணா. 'மூன்று மாதத்தில் மறந்துவிடுவார்கள்' என்று முடித்திருக்கிறீர்கள்.

அக்கா, அந்த நெவர்வின்டர் நைட்ஸ் டிஎம் கிளையன்ட் இப்போதும் வேலை செய்யுமா? நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். யாருக்கும் மேசையில் ஆடிப் பழக்கமில்லை.

---

மேசைத்தலைவி

செய்யும். 2018இல் வந்த என்ஹான்ஸ்ட் எடிஷனை எடுங்கள், டூல்செட்டும் டிஎம் கிளையன்ட்டும் அதிலேயே இருக்கின்றன. டூல்செட் விண்டோஸில்தான் ஓடும். மூன்றாம் பதிப்பு ரூல்ஸ், ஆனால் தேக்கோ கிடையாது, பயப்பட வேண்டாம்.

சனிக்கிழமை இரவு நான் உட்காருகிறேன். மூன்று பேரும் முதல் நிலைப் பாத்திரத்தோடு வாருங்கள். ஒருவராவது கிளெரிக். ஒரு சத்திரத்தில் தொடங்கும்.

---

பழையபகடை

படியில் எவனாவது பெயர் கேட்டால் சொல்லாதே.